ஓட்டையின் வடிவத்தைப் பாருங்கள்: ரசாயன ஆலைச் சாதனங்கள் ஏன் அரிக்கின்றன, எந்தப் பொருளை மாற்ற வேண்டும்

குழாய் கசிந்தால் காவிரி டெல்டாவில் எந்த ஆலையிலும் ஒரே காட்சிதான். லைனை நிறுத்துவார்கள், கெட்ட துண்டை வெட்டி எடுப்பார்கள், புதுத் துண்டு வைத்து வெல்டு அடிப்பார்கள். சாயங்காலம் உற்பத்தி தொடங்கிவிடும். மறுநாள் கொள்முதல் பிரிவிலிருந்து கேள்வி வரும்: "அடுத்த தடவை 316 போட்டுடலாமா சார்?" (304, 316 என்பவை எவர்சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வகைகளின் எண்கள்.) வெட்டிய துண்டு அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

அந்தத் துண்டுதான் சாட்சி. எது அரித்தது, எப்படி அரித்தது என்பது அதன் மேல்தான் பதிந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் கிரேடு மாற்றுவது, நாடி பிடிக்காமல் மருந்தை மாற்றுவதற்குச் சமம். பராமரிப்பு வேலையில் பல வருடம் அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். அதனால் இந்த வழிமுறையை உலோகத்தின் பெயரிலிருந்து தொடங்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

வெல்டரைக் கூப்பிடும் முன்

துண்டைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மேல்பக்கம் எது, ஓட்டம் எந்தப் பக்கம் என்று மார்க்கரில் அம்புக்குறி போடுங்கள். ஓட்டை குழாயின் அடியிலா தலையிலா, வெல்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி, உள்ளிருந்து வெளியே வந்ததா வெளியிலிருந்து உள்ளே போனதா? பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஷிப்ட் ஆட்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவற்றைக் கேளுங்கள். கடைசியாக எதை ஊற்றிச் சுத்தம் செய்தார்கள்? கழுவியது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? ஷட்டவுனில் உள்ளே என்ன தேங்கி நின்றது? ஸ்டீம் வால்வு சரியாக மூடாத நாளில் சூடு எவ்வளவு போனது? டேட்டா ஷீட்டில் இருக்கும் வெப்பநிலையை அரிப்பு படிப்பதில்லை. சுவர் உண்மையில் எவ்வளவு சுட்டதோ அதைத்தான் அது பார்க்கும்.

"சுற்றிலும் பளபளன்னு இருக்கு, நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை"

எவர்சில்வரில் அதிகம் வரும் புகார் இது. சுவர் எங்கும் மெலியவில்லை, தடிமன் மீட்டர் புதுக் குழாயின் அளவையே காட்டுகிறது, ஆனால் கசிகிறது. அந்த டியூபை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெளியே குண்டூசி முனை அளவுதான் வாய். உள்ளே குடைந்து, குறுகிய வாய் கொண்ட பானை போல விரிந்திருக்கும். இது குழி அரிப்பு. செய்தது குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் குளோரின் அயனி.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம். குளோரைடு அதை ஒரு புள்ளியில் உடைத்துவிட்டால், அந்தக் குழிக்குள் திரவம் அமிலமாகிக்கொண்டே போகும். சுற்றியுள்ள பளபளப்பான பரப்பு முழுதும் அந்த ஒரு புள்ளிக்கு எதிராக நிற்கும். அதனால்தான் வாரக்கணக்கில் ஓட்டை விழுகிறது, வருடக்கணக்கில் அல்ல.

கடலோர ஆலை ஒன்றில் 304 டியூப் போட்ட கூலர் ஐந்து வருடம் ஒரு சொட்டு கசியாமல் ஓடியது. ஆறாவது வருடம் ஒரே கோடையில் வரிசையாக டியூப்களை அடைக்க வேண்டியதாயிற்று. "ஸ்டீல் சரியில்லை" என்றுதான் எல்லோரும் சொன்னோம். சான்றிதழை எடுத்துப் பார்த்தோம், கலவையைச் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பம்ப் ஹவுஸில் இருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "இந்த வருசம் ஆத்துல தண்ணி வரலைங்களே, மார்ச்சுலேந்து போர் தண்ணிதானே ஓட்டுறோம்." அந்தத் தண்ணீரைச் சோதித்தபோது குளோரைடு பத்து லட்சத்தில் 900 பங்கை, அதாவது 900 பிபிஎம்மைத் தொட்டிருந்தது. கூலிங் டவரில் அது ஆவியாகி நான்கு மடங்கு செறிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதத் தண்ணீரை வைத்து உலோகம் தேர்ந்தெடுங்கள். ஆறு நிறைந்து ஓடும்போது எடுத்த மாதிரியை வைத்துத் தேர்ந்தால் கோடையில் மாட்டிக்கொள்வீர்கள். டெல்டாவின் கீழ்க்கோடியில் இருப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கைக்கணக்கு ஒன்று உண்டு. சாதாரண வெப்பநிலையில், நடுநிலைத் தண்ணீரில், 304க்கு 200 பிபிஎம் குளோரைடு வரை, 316க்கு 1,000 வரை. சூடு ஏற ஏற இந்த எல்லை இறங்கும். தண்ணீர் தேங்கினாலும், குளோரின் மருந்து அதிகம் போட்டாலும் இறங்கும். கடல்நீரில் குளோரைடு சுமார் 19,000 பிபிஎம். ஆகவே கடல்நீரில் 316 போடுவது தேர்வே அல்ல. கிரேடுகளை ஒப்பிட, குரோமியம் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3 ஆல் பெருக்கியும் நைட்ரஜனை 16 ஆல் பெருக்கியும் கூட்டிப் பாருங்கள். 304க்கு 18 முதல் 20, 316க்கு 24 பக்கம், 2205 டூப்ளெக்ஸ் என்ற உயர்வகை எவர்சில்வருக்கு 35 பக்கம் வரும். கடல்நீருக்கு 40க்கு மேல் வேண்டும், அல்லது டைட்டானியம்.

கிரேடு ஏற்றுவதற்கு முன் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேஸ்கட் அடியிலோ படிந்த சேற்றுக்கு அடியிலோ மட்டும் இருந்தால் அது இடுக்கு அரிப்பு. தேங்குவதை ஒழித்தாலே பாதி சரியாகும். குழாயின் அடிவயிற்றில் வரிசையாக இருந்தால், நின்ற தண்ணீர் காரணம். வெல்டுக்குப் பக்கத்தில் பழுப்பு மேடு கட்டி, அதைச் சுரண்டினால் கீழே குழி இருந்தால், பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள்.

இந்தக் கடைசி வகையில் ஒரு கொடுமை உண்டு. உற்பத்தியே தொடங்காத புதுத் தொட்டியில் ஓட்டை விழும். ஹைட்ரோ டெஸ்டுக்கு, அதாவது தண்ணீரால் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு, போர் தண்ணீர் நிரப்பி, பரிசோதகர் கையெழுத்துப் போட்டதும், வடிக்காமல் இரண்டு மாதம் விட்டிருப்பார்கள். எவர்சில்வர் சாதனத்துக்கு டெஸ்ட் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். டெஸ்ட் முடிந்த அன்றே வடித்து, காற்றடித்து உலர்த்துங்கள். குடிநீர் லாரி ஒன்று வரவழைக்கும் செலவை ஒரு தொட்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

சர்க்கரை ஆலைகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எவாப்பரேட்டர் டியூபில் படிந்த செதிலை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவது பித்தளை டியூப் காலத்துப் பழக்கம். டியூபை எவர்சில்வருக்கு மாற்றிய பிறகும் அதே கேன் வந்து இறங்குகிறது. தடுப்பான் கலந்திருந்தாலும் அதில் இருப்பது குளோரைடுதான். சல்ஃபாமிக் அமிலத்துக்கு மாறுங்கள்.

"வெல்டு நல்லா இருக்கு, அதுக்குப் பக்கத்துலதான் கோடு கிழிச்ச மாதிரி அரிச்சிருக்கு"

வெல்டிலிருந்து சில மி.மீ. தள்ளி, இரண்டு பக்கமும் இணையாக ஓடும் பள்ளம். எவர்சில்வர் சுமார் 425 முதல் 815 டிகிரி வரையான சூட்டில் நின்றால், உள்ளே இருக்கும் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு மணி எல்லைகளில் (உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும் ஓரங்களில்) போய் உட்கார்ந்துவிடும். அந்த ஓரங்களில் குரோமியம் வறண்டுபோகும். அமிலம் அந்த ஓரத்தை மட்டும் தின்னும்.

மருந்து எளிது: வெல்டு அடிக்கும் எல்லாவற்றுக்கும் 304எல், 316எல் வாங்குங்கள். இவற்றில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்காது. நெடுநேரம் உயர் சூட்டில் ஓடும் சாதனமானால் 321 அல்லது 347.

வெல்டைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறியிருந்தால் அதை அழகு என்று விட்டுவிடாதீர்கள். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த தோல் இருக்கிறது. பிக்ளிங் பேஸ்ட் தடவி எடுத்து, குளோரைடு குறைந்த தண்ணீரில் கழுவ வேண்டும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தேய்த்த கிரைண்டிங் வீலால் எவர்சில்வரைத் தேய்த்தாலும் துருப்பொட்டு வரும். திருச்சியை அடுத்த துவாக்குடி பக்கம் வேலை கொடுக்கும்போது, எவர்சில்வருக்குத் தனி இடம், தனி வீல், தனி வயர் பிரஷ் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். நல்ல ஃபேப்ரிகேட்டர்கள் அங்கே இருக்கிறார்கள், எழுதிக் கொடுத்தால் செய்வார்கள்.

"கண்ணுக்கே தெரியாத விரிசல், அங்கங்க வேர்க்குது"

என்னை அதிகம் பயமுறுத்துவது இது. மெலிவு இல்லை, குழி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டை பெனட்ரன்ட் என்னும் சிவப்புச் சாயம் அடித்து, வெள்ளை டெவலப்பர் தெளித்துக் காத்திருங்கள். பிடுங்கிய நாற்றின் வேர் போலச் சிவப்புக் கோடுகள் கிளைவிட்டு எழும்பினால் அது தகைவு அரிப்பு விரிசல். ஒரே நேர்கோடாக, கிளை இல்லாமல் போனால், அதிர்வால் வந்த களைப்பு விரிசலாக இருக்கலாம். அதற்கு உலோகத்தை மாற்றுவதில் பயனில்லை, சப்போர்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

தகைவு விரிசலுக்கு மூன்று ஒன்றுசேர வேண்டும்: இழுவிசை, அதற்கென்றே உரிய ஒரு ரசாயனம், வெப்பம். வெல்டு அடித்த இடத்திலும் வளைத்த இடத்திலும் இழுவிசை ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. எவர்சில்வருக்குக் குளோரைடு, எம்.எஸ்ஸுக்குக் காஸ்டிக், பித்தளைக்கு அம்மோனியா. இந்த மூன்று ஜோடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எவர்சில்வரில் ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆலையில் இன்சுலேஷன் மேல் போட்ட அலுமினியக் கிளாடிங் பல இடங்களில் பிய்ந்து போனது. மின்சாரம் வந்ததும் தகட்டைத் திரும்ப ரிவெட் அடித்து மூடினோம். உள்ளே நனைந்த பஞ்சை எடுத்துப் பார்க்கவில்லை. 85 டிகிரியில் ஓடும் 304எல் வெந்நீர்க் கலன் அதில் ஒன்று. கடல் உப்பு கலந்த மழை பஞ்சில் ஊறி, சூட்டில் வற்றி, உப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த மழைக்கு முன்பே கலனின் வெல்டு ஓரம் வேர்க்கத் தொடங்கியது. உள்ளே ஓடியது சுத்தமான தண்ணீர். விரிசல் முழுதும் வெளியிலிருந்து வந்தது. அந்தப் பஞ்சை அன்றே பிய்த்து எறியாதது எங்கள் தப்பு.

இங்கே 316எல்லுக்கு மாறுவது பணத்தை வீணாக்குவது. இரண்டிலும் நிக்கல் ஏறக்குறைய இந்த விரிசலுக்கு வாகான அளவில்தான் இருக்கிறது. 2205 டூப்ளெக்ஸ் நன்றாகத் தாங்கும். அல்லது உள்ளே ஓடுவதற்கு எவர்சில்வரே தேவையில்லை என்றால், பெயின்ட் அடித்த எம்.எஸ். போதும். எவர்சில்வரேதான் வேண்டுமென்றால், இன்சுலேஷன் போடும் முன் சூடு தாங்கும் பெயின்ட் அடியுங்கள், அல்லது அலுமினிய ஃபாயில் சுற்றுங்கள். துத்தநாகம் கலந்த பெயின்ட் மட்டும் எவர்சில்வர் மேல் வேண்டாம். தீப்பிடித்தால் உருகிய துத்தநாகமே அதைப் பிளந்துவிடும்.

வெளியிலிருந்து ஊற்றும் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது ஃபிளிக்ஸ்பரோ நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் 1974 ஜூன் 1 அன்று 28 பேர் இறந்த வெடிவிபத்து. ஒரு ரியாக்டரில் விரிசல் வந்ததால் அதைக் கழற்றிவிட்டு, தற்காலிகக் குழாய் ஒன்றை வைத்து ஓட்டினார்கள். அந்தக் குழாய்தான் பிய்ந்தது. ஆனால் முதல் விரிசல் எப்படி வந்தது? கசிவைக் கரைக்க ரியாக்டரின் மேல் ஊற்றிய கூலிங் தண்ணீரில் நைட்ரேட் இருந்தது. நைட்ரேட் எம்.எஸ்ஸைப் பிளக்கும். கசிவுக்கு ஹோஸைத் திருப்பும் முன் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காஸ்டிக் லைன் விரிசல் வந்தால் முதலில் ஸ்டீம் ட்ரேசிங், அதாவது லைனைச் சூடாக வைக்க ஒட்டி ஓடும் ஆவிக் குழாய், இருக்கிறதா என்று பாருங்கள். 50 சதவீதக் காஸ்டிக் சோடா உறைவது சுமார் 12 டிகிரியில். மார்கழியிலும் நாகைப் பக்கம் அந்தக் குளிர் வராது. குளிர் நாட்டு வரைபடத்தை அப்படியே வாங்கி ட்ரேசிங் போட்டு, அந்தச் சூட்டாலேயே வெல்டைப் பிளக்க வைத்த லைனைப் பார்த்திருக்கிறேன். இந்தச் செறிவில் 45, 50 டிகிரியைத் தாண்டினால், வெல்டு அடித்த எம்.எஸ்ஸைச் சுமார் 620 டிகிரியில் தகைவு நீக்கம் செய்தாக வேண்டும். எவாப்பரேட்டர் சூட்டுக்கு நிக்கல்தான்.

பித்தளை விஷயம் மீன்பிடித் துறைமுகத்துக்காரர்களுக்கு. நாகை, காரைக்காலில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர்கள் அம்மோனியா லைனில் பித்தளை வால்வு, செம்பு டியூப், வெண்கலக் குழல் வைத்த பிரஷர் கேஜ் எதையும் நுழையவிடாதீர்கள். அவசரத்துக்குக் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டுவதில்தான் இது நடக்கிறது. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்துப் பக்கம் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே பிளந்தன. மூத்திரத்திலிருந்து எழும்பிய அம்மோனியாவே அதற்குப் போதுமாக இருந்தது. உங்கள் லைனில் அழுத்தமும் சேர்ந்து இருக்கிறது. எம்.எஸ். அல்லது எவர்சில்வர் மட்டும் போடுங்கள்.

"ஆசிட் டேங்க் எல்லா இடத்திலும் மெலியுது, மேல்பக்கம் இன்னும் மோசம்"

98 சதவீதக் கந்தக அமிலத்தை எம்.எஸ். தொட்டியில் வைக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இரும்பு சல்ஃபேட் படலம் ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு காக்கிறது, அவ்வளவுதான். மென்மையான படலம். ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் உரிந்துவிடும். அமிலம் நீர்த்தால் கரைந்துவிடும்.

நம் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். தொட்டி பகலில் வெளிமூச்சு விட்டு இரவில் உள்ளிழுக்கும்போது அந்த ஈரம் உள்ளே வந்து, மேல்பரப்பிலும் கூரையிலும் அமிலத்தை நீர்க்க வைக்கிறது. மேல்பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் உலோகத்தை மாற்ற வேண்டாம். வென்ட்டில் சிலிக்கா ஜெல் பிரீத்தர் இருக்கிறதா, இருந்தால் அது நிறம் மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மேன்வே கழுத்திலும் கிடைமட்ட நாசிலின் தலைப்பக்கத்திலும் விரலால் தடவினால் தெரியும் வாய்க்கால் போன்ற பள்ளங்கள், ஹைட்ரஜன் குமிழி ஒரே பாதையில் ஏறி ஏறிப் படலத்தைச் சுரண்டியதால் வந்தவை. அங்கே மட்டும் அலாய் 20 (நிக்கல் கலந்த உலோகம்) அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) லைனிங் கொடுங்கள்.

இந்த ஹைட்ரஜன் ஆளைக் கொல்லும். தொட்டியின் கூரையில் வெல்டு அடிக்கும் முன், கிரைண்டர் வைக்கும் முன், வாயுச் சோதனை செய்யாமல் யாரும் ஏறக்கூடாது. காலி செய்த தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிவிட்டு நிறுத்துவது அதைவிட மோசம். மிச்ச அமிலம் நீர்த்து இரும்பைத் தின்னத் தொடங்கும், ஹைட்ரஜன் பொங்கும். கழுவினால் முழுக்கக் கழுவி, சோடா கரைத்து நடுநிலையாக்கி, உலர்த்தும்வரை நிறுத்தாதீர்கள்.

"காஸ்ட்லி மெட்டல் போட்டோம், பழசைவிடச் சீக்கிரம் போயிடுச்சு"

நம் வீட்டுப் பெண்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைக்க ஈயம் பூசினார்கள். மாவடுவுக்குப் பீங்கான் ஜாடி. ஜாடி மலிவு, பித்தளை விலை அதிகம் என்பதால் மாவடுவைப் பித்தளையில் போடவில்லை. உப்பும் புளிப்பும் எதில் நிற்கும் என்று மட்டும் பார்த்தார்கள்.

ஆலையில் அந்தத் தெளிவு தொலைந்துபோகிறது. ஹைட்ரோகுளோரிக் அமில லைனில் 304 போய்விட்டது என்று 316எல் போடுவார்கள். இந்த அமிலத்துக்கு எவர்சில்வர் குடும்பத்தில் ஒருவருமே ஆகாது. ரப்பர் லைனிங் கொடுத்த எம்.எஸ்., எஃப்ஆர்பி (கண்ணாடி இழை வைத்த பிளாஸ்டிக்), பாலிபுரொப்பிலீன், சூடேற்ற வேண்டுமானால் கிராஃபைட் எக்ஸ்சேஞ்சர்: இவை 316எல்லைவிடப் பலமடங்கு நிற்கும். நைட்ரிக் அமிலத்துக்கு 304எல் நல்லது. 316எல் அதைவிட மேல் அல்ல, மாலிப்டினம் அங்கே ஒன்றும் செய்யாது. ஹாஸ்டெல்லாய் பி என்ற நிக்கல் கலவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அருமையாக நிற்கும். அந்த அமிலத்தில் கொஞ்சம் ஃபெரிக் இரும்பு கலந்தால், அதாவது மேலே எங்கோ துரு கரைந்து வந்தால், அதே உலோகம் கரையும். அங்கே ஹாஸ்டெல்லாய் சி வகைதான் வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக்கில் வைத்தால் வைத்தது தெரியாமல் போகும்.

இதில் எல்லோரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது குளோரின். உப்பிலிருந்து காஸ்டிக் எடுக்கும்போது குளோரின் ஈரமாக வெளிவருகிறது. ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் ராஜா, எம்.எஸ். நாசமாகும். அதே குளோரினைக் கந்தக அமிலக் கோபுரத்தில் உலர்த்திய பிறகு எம்.எஸ். போதும். அங்கே டைட்டானியம் போட்டால் அது அரிக்காது, தீப்பற்றி எரியும். கோபுரத்துக்கு இந்தப் பக்கம் உயிர்காப்பது அந்தப் பக்கம் உயிர்வாங்கும். விலை அதிகமான வால்வு ஸ்டோரில் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு பக்கத்துக்கும் மாற்றி மாட்டிவிடாதபடி, டைட்டானிய உதிரிகளைத் தனி நிறம் அடித்துப் பூட்டி வையுங்கள். எம்.எஸ்ஸும் உலர் குளோரினில் 120 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும். மிகச் சூடானால் அதுவும் எரியும்.

"ரெண்டு மெட்டல் சேர்ற இடத்துல மட்டும்"

இறால் குஞ்சுப் பண்ணைகளின் கடல்நீர்ப் பம்புகளிலும் இதைப் பார்க்கலாம். எவர்சில்வர் ஃப்ளாஞ்சில் எம்.எஸ். போல்ட் போட்டால், பெரிய எவர்சில்வர் பரப்பு முழுதும் சேர்ந்து அந்தச் சின்ன போல்டைத் தின்னும். அரிப்பைத் தாங்குவதில் போல்ட் எப்போதும் ஃப்ளாஞ்சுக்குச் சமமாகவோ மேலாகவோ, அதாவது உயர்ந்த உலோகமாகவோ, இருக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதானால் உயர்ந்த உலோகத்துக்கும் அடியுங்கள். தாழ்ந்ததுக்கு மட்டும் அடித்தால், பெயின்டில் விழும் ஒரு கீறலில் மொத்த அரிப்பும் குவியும். கடல்நீரில் கிராஃபைட் கேஸ்கட்டும் ஓர் உயர்ந்த உலோகம் போலவே நடந்துகொள்ளும், எவர்சில்வர் முகத்தை அரிக்கும். பித்தளை வால்வு ஸ்பிண்டில் செம்பு நிறமாகி, கத்தியால் குத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தால், துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள்.

"பெண்டிலும் இம்பெல்லரிலும்தான் போகுது"

வளைவின் வெளிப்பக்கம் வழவழப்பாக, ஓட்டத் திசையில் அலையடித்தது போல மெலிந்திருந்தால் வேகம் அதிகம், அல்லது மணல். நெல் மில் பாய்லரில் உமிச் சாம்பல் இதைச் செய்யும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. குழாய் விட்டத்தைப் பெரிதாக்குங்கள், வளைவை அகலமாக்குங்கள். இம்பெல்லரில் உறிஞ்சும் பக்கத்து இறக்கையில் கடற்பஞ்சு போலக் குழிகள் இருந்தால் அது குமிழி வெடிப்பு. ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா, தொட்டி மட்டம் இறங்கியதா என்று பாருங்கள். அங்கே எந்த உலோகமும் நிலைக்காது.

"எஃப்ஆர்பி டேங்க் உள்ளே கொப்புளம்"

எஃப்ஆர்பி என்றால் எல்லாமே ஒன்று என்று நினைத்து வாங்குகிறோம். உள்ளே இருக்கும் ரெசின் என்ன, உள்முகத்து வலை என்ன என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. ப்ளீச்சிங் திரவம், காஸ்டிக் இரண்டுக்கும் வினைல் எஸ்டர் ரெசினும், கண்ணாடிக்குப் பதில் செயற்கை இழை வலையும் வேண்டும். காஸ்டிக் கண்ணாடி இழையையே கரைக்கும். உள்முகத்தில் இழைகள் வெண்ணிறமாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதுதான் நடக்கிறது.

புதுத் தொட்டி வந்து இறங்கியதும் ஒரு சோதனை, இரண்டு நிமிடம் ஆகும். பஞ்சில் அசிடோன் நனைத்து உள்முகத்தில் தேய்த்துவிட்டு, உலர்ந்ததும் விரலை அழுத்தி எடுங்கள். விரல் ஒட்டினால் ரெசின் சரியாக இறுகவில்லை. அந்தத் தொட்டியை லாரியிலேயே திருப்பி அனுப்புங்கள். பார்க்கால் கடினத்தன்மை மீட்டர் இருந்தால், ரெசின் தயாரிப்பாளர் சொன்ன அளவில் 90 சதவீதமாவது காட்ட வேண்டும்.

ரப்பர் லைனிங்கில் கொப்புளம் தெரிந்தால் ஸ்பார்க் டெஸ்ட் வைத்து ஊசித்துளையைத் தேடுங்கள். பிவிசி குழாய் 60 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் பிவிசி, உள்ளே குளிர்ந்த திரவம் ஓடினாலும் வெளுத்துத் தொய்யும், நிழல் கொடுங்கள். ஓ-ரிங் உப்பிப்போனால் ரப்பர் வகை மாறியிருக்கிறது. ஈபிடிஎம் காஸ்டிக்குக்கு நல்லது, எண்ணெயில் உப்பும். வைட்டான் எண்ணெய்க்கு நல்லது, சூடான காஸ்டிக்கில் கெடும்.

"பில்லுல 304ன்னுதான் இருக்கு"

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டல, 304தான்" என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த 200 வரிசை எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. அதே பளபளப்பு, விலை குறைவு, குளோரைடில் முதல் மழைக்கே துருப்பிடிக்கும். எக்ஸ்ரே துப்பாக்கி வைத்துக் கலவையைப் பார்க்கும் சோதனை திருச்சியில் கிடைக்கிறது. தகடு, குழாய், ஃபிட்டிங்ஸ் மட்டும் போதாது, வெல்டிங் கம்பியையும் போல்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எது நிற்கும் என்று அட்டவணையில் தேடி முடிவு வராதபோது, உங்கள் தொட்டியிடமே கேளுங்கள். 50 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனில் மூன்று நான்கு உலோகத் துண்டுகளை வெட்டி, துல்லியமாக எடை போட்டு, ஒன்றோடொன்று தொடாதபடி டெஃப்லான் வாஷர் வைத்துக் கோத்து, சில துண்டுகள் திரவத்துக்குள், சில மட்டத்தில், சில ஆவியில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். 60 நாள் கழித்து எடுத்துச் சுத்தம் செய்து எடை பாருங்கள். குறைந்த மில்லிகிராமை 87.6 ஆல் பெருக்கி, அடர்த்தி, சதுர சென்டிமீட்டரில் பரப்பு, மணி நேரம் மூன்றையும் பெருக்கி வந்ததால் வகுத்தால், வருடத்துக்கு எத்தனை மி.மீ. என்று வரும். மேற்சொன்ன அளவில் எம்.எஸ். துண்டின் பரப்பு 28 சதுர செ.மீ., அடர்த்தி 7.86. 1,440 மணி நேரத்தில் 200 மில்லிகிராம் குறைந்திருந்தால் வருடத்துக்குச் சுமார் 0.055 மி.மீ. அரிப்புக்கென்று 3 மி.மீ. கூடுதலாக விட்ட தொட்டிக்கு இது தாராளம்.

துண்டில் ஒரே ஒரு குழி தெரிந்தாலும் அந்தக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். லென்ஸில் பார்த்து, ஆழமான குழியை டெப்த் மைக்ரோமீட்டரில் அளந்து, 60 நாளில் எவ்வளவு இறங்கியது என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை இந்தத் தடவை காயலான் கடைக்குப் போடாமல், வெட்டிய குழாய்த் துண்டு இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.